கெளுத்தி முள்ளும் முப்பத்தேழாவது ஸ்லைடும்

டாக்டர் நித்யஸ்ரீயின் வகுப்புக்குள் நுழைய வேண்டுமென்றால் முதலில் கூடைக்குக் காணிக்கை செலுத்த வேண்டும். நீல நிற பிளாஸ்டிக் கூடை. தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்கப் போன இடத்தில் வாங்கியது. வகுப்பு வாசலில், ஒரு ஸ்டூலின் மேல் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கும். மாணவர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். பாதி வகுப்பில் எவனுடைய போனாவது பாக்கெட்டுக்குள் சிணுங்கிவிட்டதோ, தீர்ந்தது கதை. மொத்த வகுப்பும் "கூடை! கூடை!" என்று கத்தும், அந்தப் போன் சாயந்திரம் வரை கூடையில் கிடக்கும்.

ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்த மருத்துவக் கல்லூரியில் அவள் நடத்திய பாடம் ஒன்றும் சாதாரணமானது இல்லை. ஒரு நோயாளிக்கு இதைச் செய் என்று சொல்வதற்கு முன்னால், அது உண்மையிலேயே பலன் தருமா, எந்த ஆய்வு அப்படிச் சொல்கிறது, அந்த ஆய்வை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தேடிப் பார்க்கச் சொல்லித்தருகிற பாடம். ஆதாரம் சார்ந்த மருத்துவம் என்று பெயர். பிள்ளைகள் வாயில் அது வெறும் ஈபிஎம்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், எதையும் புதிதாகத் தேடிப் பார் என்று சொல்லித்தருகிற அந்த அம்மாள், பன்னிரண்டு வருஷமாக அதே எண்பத்து நாலு ஸ்லைடைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். அதே நீலப் பின்னணி, அதே மஞ்சள் எழுத்து. சுட்டிக்காட்ட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வந்தாலும் பயன் இருந்திருக்காது. நித்யஸ்ரீக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், பேச்சில் தேன் கூடிவிடும். "அப்படியா கண்ணா, ரொம்ப சந்தோஷம்" என்று அவள் சொன்னால் அந்தக் கண்ணா அடுத்த பரீட்சைவரை தலைமறைவாக இருப்பது உடம்புக்கு நல்லது.

அந்த ஜனவரியில் டீன் ராஜகோபாலன் கூப்பிட்டனுப்பினார். அதிகம் பேசாத மனிதர். மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"ஒரு கம்பெனி புது மாட்யூல் குடுக்கறாங்க. பசங்க வீடியோ பாப்பாங்க, க்விஸ் எழுதுவாங்க, சர்டிஃபிகேட் தானா வந்துடும். காலம் மாறிடுச்சு இல்லையா நித்யஸ்ரீ."

"அப்போ என் கிளாஸ் சார்?"

"உங்களை அட்டெண்டன்ஸ் கமிட்டிக்குப் போட்டுடலாம்னு பார்த்தேன்."

அட்டெண்டன்ஸ் கமிட்டி என்றால் யார் எத்தனை நாள் மட்டம் போட்டார்கள் என்று விரல் விட்டு எண்ணுகிற வேலை. அதற்குப் போனவர்கள் யாரும் பாடம் நடத்தத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. நாற்பத்து மூன்று வயதில் நித்யஸ்ரீயிடமிருந்து அந்த வகுப்பைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அவள் உயிரே அதில்தான் இருந்தது.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள். குரலில் தேன் வழிந்தது. "ஒரே ஒரு உதவி. வர்ற வெள்ளிக்கிழமை என் கிளாஸ்ல வந்து உக்காருங்க. கூடையை எடுத்துடறேன். போனைக் கையில குடுத்தா இந்தப் பசங்க என்ன லட்சணத்துல பதில் கண்டுபிடிக்கறாங்கன்னு உங்க கண்ணாலயே பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க."

டீன் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

இரும்புலியூரில் வீட்டுக்கு வந்ததும் காபி கலந்துகொண்டே கணவன் பத்ரியிடம் திட்டத்தை விளக்கினாள். பதில் தனக்கு நூற்றுக்கு நூறு தெரிந்த கேள்வியாகக் கொடுக்க வேண்டும். போன் எங்கேயாவது தப்புத்தப்பாக உளறும். பசங்க அதை அப்படியே ஒப்பிப்பார்கள். அப்போது தன் ஸ்லைடைப் போட்டுக் காட்டி மூக்கை உடைக்க வேண்டும்.

"போன் கரெக்டா சொல்லிட்டா?" என்றான் பத்ரி.

"சொல்லாது" என்றாள். அவன் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். பதினெட்டு வருஷக் குடும்ப அனுபவம்.

அவள் தேர்ந்தெடுத்த கேள்வி கெளுத்தி மீன் பற்றியது. கேளம்பாக்கம் தாண்டி, கடற்கரையில் சின்னமேட்டுக் குப்பம் என்றொரு மீனவர் ஊர். கல்லூரி மாதாமாதம் அங்கே முகாம் நடத்துகிறது. வலையிலிருந்து கெளுத்தியைப் பிரித்தெடுக்கும்போது அதன் முள் கையில் குத்திவிட்டால் வலி உயிரை எடுக்கும், முள்ளில் விஷம் உண்டு. முதலுதவி என்ன? ஐஸ் வைக்க வேண்டும். இது அவளுடைய முப்பத்தேழாவது ஸ்லைடு. அதோடு நிற்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர் மீன் ஏலக் கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு அதை எழுதவைத்ததும் அவள்தான். அந்தச் சுவரின் முன் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ இன்னமும் அவள் அறையில் மாட்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்தது. கூடை காலியாக ஸ்டூலில் இருக்க, முப்பது பிள்ளைகள் கையில் போனோடு உள்ளே வந்து, நம்ப முடியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீன் கடைசி பெஞ்சில் கை கட்டி உட்கார்ந்தார். நித்யஸ்ரீ கேள்வியைப் பலகையில் எழுதினாள். "எந்த ஆப்பை வேணும்னாலும் கேளுங்க. ஏஐயைக் கேளுங்க, அதோட தாத்தாவைக் கேளுங்க. இருபது நிமிஷம்" என்றாள்.

இருபது நிமிஷத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஹேமநாத் என்கிற நெட்டைப் பையனின் குழு, கையைச் சூடான தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும் என்றது. அஞ்சலியின் குழு ஐஸ் என்றது. அஞ்சலி அந்தச் சின்னமேட்டுக் குப்பத்துப் பெண். அந்த ஊரிலிருந்து டாக்டருக்குப் படிக்கிற முதல் ஆள்.

நித்யஸ்ரீக்கு உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை. "ஹேமநாத் கண்ணா, வெந்நீரா? எதை வெச்சு சொல்றே?"

"மேடம், ஆப் சொன்ன பேப்பர்களைத் திறந்து பார்த்தோம். ரெண்டு மூணு ஆஸ்பத்திரியில குத்து வாங்கினு வந்தவங்களைப் பார்த்து எழுதினது. பேஷண்ட்ஸ் கொஞ்சம் பேர்தான். ஆனா நிறைய பேருக்கு வலி குறைஞ்சிருக்கு மேடம்."

"கொஞ்சம் பேர்! ரொம்ப சந்தோஷம். உக்காரு." அவள் டீனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினாள். "அஞ்சலி, நீ வா. போன் ஐஸ்னு சொல்லுச்சு, சரி. எங்கேர்ந்து எடுத்துச்சு? ஒவ்வொரு படியா பின்னாடி போய், மூல ஆய்வு வரைக்கும் பலகையில எழுது. ஆதாரத்தைத் தேடறதுன்னா என்னன்னு சார் பார்க்கட்டும்."

அஞ்சலி மார்க்கரை எடுத்து எழுத ஆரம்பித்தாள். மேலே 'ஏஐ' என்று எழுதி ஒரு அம்புக்குறி. அதன் கீழே ஒரு உடல்நலத் தளத்தின் பெயர். அங்கேயிருந்து இன்னொரு அம்பு. அதன் கீழே அவர்களுடைய கல்லூரியின் பெயரையே எழுதினாள். கல்லூரித் தளத்தில் முகாம் பற்றிய பக்கம்தான் அந்த உடல்நலத் தளத்துக்கு ஆதாரம். அதிலிருந்து அடுத்த அம்பு, 'ஸ்லைடு 37'. வகுப்பில் ஒரு சலசலப்பு எழுந்தது. பலே, சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறதே என்று நித்யஸ்ரீக்குப் பெருமை பிடிபடவில்லை. பாவம்.

அஞ்சலி போனில் எதையோ திறந்து படித்தாள். மறுபடி படித்தாள். கையிலிருந்த மார்க்கர் நின்றுவிட்டது.

"மேடம், இதை உங்ககிட்ட தனியா சொல்லட்டுமா?"

"எதுக்குத் தனியா? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

"ஸ்லைடுக்குக் கீழ போட்டிருக்கற பேப்பர் மேடம்..." அஞ்சலி போனையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அது முள் குத்தறதைப் பத்தி இல்ல. கெளுத்தி மீனை ஐஸ்ல வெச்சா எத்தினி நாள் கெடாம இருக்கும்னு பார்த்த ஆராய்ச்சி."

பின்வரிசையில் யாரோ 'ப்ப்' என்று ஒரு சத்தம் விட, கட்டிவைத்த தண்ணீர் திறந்த மாதிரி மொத்த வகுப்பும் சிரித்தது. மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அஞ்சலி மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கம்மா ஐஸ்தான் வைக்கறாங்க மேடம்" என்றாள். "செவுத்துல எழுதியிருக்குன்னு."

சிரிப்பு பொசுக்கென்று அடங்கிவிட்டது.

நித்யஸ்ரீக்குக் காது இரண்டும் சுட்டது. பன்னிரண்டு வருஷம் பின்னால் போய் அந்த மத்தியானம் கண் முன்னால் வந்து நின்றது. முதல் வகுப்புக்கு மறுநாள் போக வேண்டும். உள்ளூர் உதாரணம் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வீங்கினால் ஐஸ் வைப்பது ஊரறிந்த விஷயம்தானே? ஆக பதில் முன்னாடியே ரெடி. கீழே ஒரு ஆதாரம் போட வேண்டும், அவ்வளவுதான். கெளுத்தி, ஐஸ் என்று இரண்டு வார்த்தையைப் போட்டுத் தேடினாள். தலைப்பில் இரண்டுமே இருக்கிற ஒரு பேப்பர் வந்தது. திறந்துகூடப் பார்க்காமல் எடுத்து ஒட்டிவிட்டாள். எந்தத் தப்பைச் செய்யாதே என்று பன்னிரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறாளோ, அச்சு அசல் அதே தப்பு.

கடைசி பெஞ்சில் டீன் கட்டிய கையைப் பிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. "அது ரெஃபரன்ஸ் நம்பர்ல டைப்பிங்..." என்று வாய் தானாகவே ஆரம்பித்தும்விட்டது. இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லோரும் நம்பியிருப்பார்கள். டீனும் நம்பியிருப்பார். ஆனால் அஞ்சலி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணின் வீட்டில் ஒரு அம்மா கையில் ஐஸ் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்திருக்கிறாள்.

"இல்ல" என்றாள் நித்யஸ்ரீ. "டைப்பிங் மிஸ்டேக் இல்ல. நான் அந்தப் பேப்பரைத் திறக்கவே இல்ல. தலைப்பை மட்டும் பார்த்துட்டுப் போட்டேன். என் தப்பு."

சரி, அட்டெண்டன்ஸ் கமிட்டிதான் நமக்கு விதிச்சது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். போவதற்கு முன்னால் ஒழுங்காக ஒரு வகுப்பாவது எடுத்துவிட்டுப் போவோம் என்று தோன்றியது.

"ஹேமநாத், எழுந்திரு. உன்கிட்ட ஸாரி. இவன் கையில இருக்கறது சின்ன ஆதாரம். ஆனா திறந்து படிச்ச ஆதாரம். என்கிட்ட இருந்தது பெரிய ஆதாரம்தான், ஆனா மீனுக்கு." இப்போது அவளே முதலில் சிரித்தாள், கண்ணில் நீரோடு. "பலகையைப் பாருங்க. போன் பொய் சொல்லல. நான் சொன்னதைத்தான் எனக்கே திருப்பிச் சொல்லுச்சு. நாம எழுதறதைத்தான் நாளைக்கு அது எல்லாருக்கும் சொல்லப் போவுது. அப்போ நாம எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும்?"

வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு டீன் மெதுவாக எழுந்து வந்தார். பலகையில் இருந்த அம்புக்குறிகளை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தார்.

"அந்தச் செவுத்துல இன்னும் ஐஸ்னுதான் இருக்கா?"

"ஆமா சார்."

"முதல்ல அதை அழிச்சுட்டு வாங்க. மத்தது திங்கக்கிழமை பேசலாம்."

மறுநாள் காலையிலேயே வண்டலூர் – கேளம்பாக்கம் ரோட்டில் கல்லூரி வேன் புறப்பட்டது. நித்யஸ்ரீ, அஞ்சலி, ஹேமநாத், பெயிண்டர் பொன்னுரங்கம், இரண்டு டப்பா வெள்ளைப் பெயிண்ட். ஏலக் கூடத்தில் வியாபாரம் பாதி ஓய்ந்திருந்தது. சுவரில் எட்டு வருஷ வெயிலுக்கும் அசையாமல், 'கெளுத்தி குத்தினால் உடனே ஐஸ் வைக்கவும்' என்று பளிச்சென்று இருந்தது. கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் கல்லூரியின் பெயர். சுவருக்கு நேர் எதிரே மீன் கூடை போட்டு உட்கார்ந்திருந்தாள் அஞ்சலியின் அம்மா அங்காளம்மாள்.

நித்யஸ்ரீ நேராக அவளிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் நடந்ததை எல்லாம் சொன்னாள். அங்காளம்மாள் கேட்டுக்கொண்டே வந்தவள் கையிலிருந்த கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"இன்னாம்மா சொல்ற? எட்டு வருசமா எழுதி வெச்சிக்கினு, இப்ப வந்து தப்புங்கற?" வலது கட்டை விரலை நீட்டினாள். குறுக்கே கறுத்த தழும்பு. "போன மழைக்கு முள்ளு ஏறுச்சு. ரெண்டு நாளு ஐஸ் வெச்சேன். உயிரு பூட்ச்சு. எங்கூட்டுக்காரரு தலபாடா அடிச்சிக்கினாரு, சுடுதண்ணில வைடின்னு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? செவுத்துல படிச்சவங்க எழுதிக்கீறாங்க, உனுக்கு இன்னாய்யா தெரியும்னு வாயடைச்சேன் அந்தாள. இப்ப அந்தாளு மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

"தப்பு என்னோடதுதான் அக்கா. மன்னிச்சுடுங்க."

"அப்ப அந்தாளு சொன்னது சரியா?"

"இந்த விஷயத்துல சரி."

"இந்த விசயத்துலன்னு அழுத்திச் சொல்லு. அதோ வல பின்னிக்கினு கீறாரே, காதுல வாங்கிக்கினா அப்பறம் எல்லாத்துக்கும் பாடம் எடுக்க வந்துருவாரு."

வலைக்குப் பின்னாலிருந்து அவள் கணவன் சின்னதம்பியின் இருமல் சத்தம் கேட்டது. அஞ்சலி சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொன்னுரங்கம் வெள்ளையடித்து முடித்தார். ஈரம் காய்ந்ததும் ஹேமநாத் காகிதத்தைப் பார்த்துப் படிக்கப் படிக்க அவர் எழுதினார். 'கெளுத்தி குத்தினால் கையைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைக்கவும். சூட்டை மறு கையால் முதலில் பார்க்கவும். முள் உள்ளே முறிந்திருந்தால் உடனே ஆஸ்பத்திரி.'

அங்காளம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அது சரி. இது மட்டும் சரின்னு இன்னா நிச்சயம்?"

பிரஷ்ஷைத் தூக்கியபடி பொன்னுரங்கம்கூட நின்றுவிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு மாணவனும் அவளைக் கேட்காத கேள்வி. தன் பாடத்தின் முதல் கேள்வியே இதுதானே, இந்த அம்மாள் கேட்கிறாளே என்று நித்யஸ்ரீக்கு உடம்பு சிலிர்த்தது.

"முழு நிச்சயம் இல்ல அக்கா. இன்னிக்கு வரைக்கும் ஜனங்க பார்த்து எழுதினதுல இதுதான் நல்லதுன்னு தெரியுது. அதையெல்லாம் திறந்து படிச்சுட்டுத்தான் வந்திருக்கோம். நாளைக்கு இன்னும் நல்லா பார்த்து யாராவது எழுதினா மாறலாம்."

"மார்னா எனக்கு எப்டித் தெரியும்? இன்னும் எட்டு வருசம் ஆவுமா?" அங்காளம்மாள் பெயிண்டரைப் பார்த்தாள். "யோவ், தேதி போடுய்யா. பால் பாக்கெட்டுல போட்றாங்க இல்ல, அந்த மாரி. என்னிக்குப் பாத்தாங்க, என்னிக்கு வரிக்கும் நம்பலாம். அப்பறம் காலேஜ் பேரு வாணாம். அத வெச்சிக்கினு நான் யார கேக்குறது? இந்தம்மா போன் நம்பரப் போடு."

அன்றைய தேதியையும் அடுத்த வருஷம் அதே தேதியையும் பொன்னுரங்கம் எழுதினார். கடைசியில் கல்லூரிப் பெயர் இருந்த இடத்தில், அதே பெரிய எழுத்தில், நித்யஸ்ரீயின் பத்து இலக்கம் ஏறியது. அவளே ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். இந்தமுறை போட்டோ எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை டீன் அறைக்குப் போனபோது கமிட்டி ஆர்டர் தயாராக இருக்கும் என்றே நினைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாட்யூல் வேண்டாம்னு கம்பெனிக்கு எழுதிட்டேன். ஒரு கண்டிஷன். அந்த எண்பத்து நாலு ஸ்லைடையும் பசங்க கையில குடுங்க. இன்னும் எத்தனை மீன் உள்ள இருக்குன்னு தெரிஞ்சாகணும்."

ஆறு இருந்தது. அந்த ஆறையும் கண்டுபிடித்த பிள்ளைகளின் பெயரோடு வகுப்பு வாசலில் ஒட்டினாள். நீலப் பின்னணியும் மஞ்சள் எழுத்தும் ஒழிந்தன. ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும், பார்த்த தேதியும் மறுபடி பார்க்க வேண்டிய தேதியும் ஏறின. கூடை ஸ்டூலிலேயே இருந்தது, ஆனால் வகுப்பு நடுவில் சிணுங்குகிற போனுக்கு மட்டும்தான். மற்ற போன்களுக்கு இப்போது வகுப்பில் வேலை இருந்தது.

ஒரு வருஷம் ஓடிப்போனது. அது இரண்டு வருஷப் பாடம் என்பதால் வகுப்பில் அதே பிள்ளைகள்தான். ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, நல்ல மும்முரமான வகுப்பில், கணீரென்று ஒரு போன் அடித்தது. எல்லோரும் யாருடையது என்று சுற்றிப் பார்த்தார்கள். மேடத்துடையதுதான். அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தினார்கள். "கூடை! கூடை!"

"இருங்கடா, தெரியாத நம்பர்" என்று எடுத்தாள்.

"டாக்டரம்மாவா? நான் அங்காளம்மா. செவுத்துல போட்ட தேதி நேத்தோட முடிஞ்சி பூட்ச்சு. இன்னும் அதே சுடுதண்ணிதானா, இல்ல எதுனா மாத்திக்கீறாங்களா?"

நித்யஸ்ரீக்கு அந்தத் தேதி சுத்தமாக மறந்தே போயிருந்தது. முப்பது பேருக்கு ஆதாரம் தேடச் சொல்லித்தருகிற அவள் மறந்ததை, மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி ஒரு வருஷம் முழுக்க எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"அக்கா, இன்னும் பார்க்கல. மறந்துட்டேன். இப்பவே பார்த்துச் சொல்றேன். அரை மணி நேரம் குடுங்க, திருப்பிக் கூப்பிடறேன்."

"எதுக்கு போன வெக்கற? நான் லைன்லயே கீறேன், நீ மெதுவா பாரு. இன்னிக்கு வியாபாரம் டல்லுதான்."

நடு பெஞ்சில் அஞ்சலி ஏற்கெனவே போனைத் திறந்துவிட்டாள். பக்கத்தில் ஹேமநாத்தும், அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக மற்றவர்களும் திறந்தார்கள். நித்யஸ்ரீ அன்றைய ஸ்லைடை அணைத்துவிட்டு, பலகையைத் துடைத்து, மேலே அன்றைய தேதியை எழுதினாள்.

"தேடுங்க" என்றாள். "தலைப்போட நிறுத்தாதீங்க. திறந்து படிங்க. அக்கா லைன்ல இருக்காங்க."